வலப்பக்கம் நீலம்

கடத்துகிறவர்களுக்கும் காப்பாற்றுகிறவனுக்கும்
ஒரே வள்ளம்.
இரண்டாவதை வாடகைக்குப் பிடிக்கக் காசில்லை.
வலப்பக்கம் நீலம் அடித்தார்கள், அது வில்லனுக்கு.
இடப்பக்கம் சிவப்பு, ஹீரோவுக்கு.
பிராங்க்ளின் அண்ணன் காலையில் மேற்கே ஓட்டினார்,
சோறு தின்றுவிட்டுக் கிழக்கே ஓட்டினார்.
துரத்துறவன் எதிர்ப்பக்கமால்ல போறான், என்றேன்
நகரை மீன் குழம்பை ஊற்றிக்கொண்டே.
எடிட்டிங்ல படத்தைத் திருப்பிப் போட்டுருவோம்க்கா,
என்றான் கேமராப் பையன்.
திருப்பினா வள்ளத்து நம்பரும் திரும்புமே.
நம்பரை எவன் படிக்கப் போறான்?

நான் படிப்பேன்.
நாற்பத்து மூன்று நாளாக
ஒரே நம்பரை மனுவுக்கு மனு எழுதுகிறேன்,
மீன்துறை ஆபீசில், கலெக்டர் ஆபீசில்,
பங்குச்சாமி கிழித்துக் கொடுத்த வெள்ளைத்தாளில்.
படகின் பெயர் என்ற கட்டத்தில் ஒருமுறை
அவர் பெயரை எழுதிவிட்டேன்.
அடித்துத் திருத்தினால் செல்லாதாம்,
வேறு தாள் வாங்கி வரச் சொன்னார்கள்.

ஆறாம் நாள் கதாநாயகிக்கு வயிற்றோட்டம்.
பாம்பன் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை.
முகத்தில் சாக்கு மூடிய காட்சிதானே,
சோறு கொண்டுவரும் எமல்டா அக்கா உட்காரட்டும் என்றார் டைரக்டர்.
எண்ணூறு ரூபாய்.
மூடிக்கிடந்த ஐஸ் கம்பெனி,
அமோனியா வாடை போகாத அறை,
பிளாஸ்டிக் நாற்காலி.
அசிஸ்டென்ட் பையன் என் கையைப் பின்னால் கட்டினான்,
மல்லிகைச் சரத்துக்குப் போடுகிற முடிச்சு.
மூச்சு விட்டால் அவிழும்.
இப்படியா தம்பி கட்டுவாங்க,
கயிற்றை வாங்கி நாற்காலிக் காலில் போட்டுக் காட்டினேன்,
கொண்டல் நேரத்தில் நங்கூரத்துக்குப் போடுவது.
இழுக்க இழுக்க இறுகும்.
கெட்டிக்காரன், ஒரே தடவையில் பிடித்துக்கொண்டான்.

சாக்குக்குள் தவிட்டு மணம்.
கருவாட்டுச் சாக்காக இருந்தால் பழகியது.

தெர்மகோல் கதவை உடைத்து ஹீரோ வந்தான்.
வந்துட்டேன், என்றான்.
குனிந்தான், இழுத்தான்.
கட்.
புதுக் கதவு ஒட்டி, பசை காய அரைமணி நேரம்.
வந்துட்டேன்.
கட்.
மூன்றாவதில் அவன் நகம் பெயர்ந்தது.
பரமக்குடியில் செல்போன் கடை வைத்திருக்கிறானாம்,
படத்தில் பாதிப் பணம் அவனுடையதாம்.

காத்திருக்கும் நேரத்தில் யோசித்தேன்,
அக்கரையில் கதவு திறந்தால்
ரெமிஜியுஸ் முதலில் என்ன கேட்பார்?
எஞ்சின் என்னாச்சு என்பார்.
என்னை இல்லை, பிள்ளையை இல்லை.
எஞ்சினுக்கு இன்னும் பதினேழு தவணை இருக்கிறது.
அதற்கு ஒரு பதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அக்கா, எப்படித்தான் அவுக்குறது,
என்றான் ஹீரோ, மைக்கில் விழாமல்.
இழுக்காதீங்க தம்பி. உள்ளே தள்ளுங்க.
கயிறு வந்த வழியிலேயே
திருப்பி அனுப்புங்க.

நாலாவது டேக்கில் அவிழ்ந்தது.
சாக்கை உருவுமுன் கட் சொல்ல வேண்டும்,
டைரக்டர் மறந்துவிட்டார்.
வெளிச்சம் கண்ணில் குத்தியது.
அவன் தோளுக்கு மேலே வாசல்,
வாசலில் தண்ணீர்,
தண்ணீரில் சிவப்புப் பக்கம் காட்டி ஒரு வள்ளம்.
நம்பரைப் படித்தேன்.
எங்களுடையது இல்லை.

யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.
பிறகு டைரக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
நல்லாத்தான் இருக்கு, ஆனா மூஞ்சி வேறயாச்சே, என்று
அதை அழிக்கச் சொன்னார்.

மூன்று தெர்மகோலுக்கு நூற்றைம்பது பிடித்துக்கொண்டு
அறுநூற்றைம்பது கொடுத்தார்கள்.
பதினெட்டாம் தேதி அங்கே வாய்தா.
நாளைக்கு எத்தனை பேருக்குச் சோறு என்று கேட்டேன்.
பதினொன்று என்றார்கள்,
கதாநாயகிக்கு மட்டும் கஞ்சி.